ஆபீஸ் சைக்கிளுக்குக் கேரியரும் பையும்: பாரத்தை எடை போடுவதிலிருந்து போல்ட் முறுக்குவது வரை

பழைய 22 இன்ச் சைக்கிளில் கேரியர் என்பது தனியாக வாங்கும் பொருள் அல்ல. பெல், ஸ்டாண்டு, மட்கார்டு மாதிரி அதுவும் வண்டியோடு வரும். இன்றைய ஹைப்ரிட், கியர் சைக்கிள்கள் பெரும்பாலும் மொட்டையாகத்தான் வருகின்றன. வாங்கி ஒரு வாரம் முதுகுப்பையோடு ஓட்டி, சட்டையின் பின்பக்கம் பை வடிவத்தில் வியர்வையோடு ஆபீஸில் போய் உட்கார்ந்த பிறகுதான் கேரியர் நினைவு வரும். உடனே நல்ல பையாக ஒன்றைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பை கேரியரில் மாட்டாது, அந்தக் கேரியர் சைக்கிளில் மாட்டாது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் வராது. முதலில் பாரம், அடுத்து சைக்கிளில் உள்ள ஓட்டைகள், பிறகு கேரியர், கடைசியில் பை.

முதல் வேலை: எடை போடுவது

வீட்டுத் தராசு போதும். பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போகிறவரின் ஒருநாள் பாரம் ஏறக்குறைய இப்படி வரும்: சார்ஜரோடு லேப்டாப் 2.3 கிலோ, சாம்பார் சாதம் நிரம்பிய எவர்சில்வர் டிபன் கேரியர் 1.5, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 1.3, மாற்றுச் சட்டையும் துண்டும் 0.7, யூ வடிவப் பூட்டு 1.2, மழைக்கோட்டு 0.6, ஸ்பேர் டியூப், பம்ப், ஆலன் கீ எல்லாம் சேர்த்து 0.7. கூட்டினால் 8.3 கிலோ. பையின் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக 9 கிலோவைத் தாண்டிவிட்டது. இதைத் தோளில் சுமந்தால் பத்து கிலோமீட்டரில் கழுத்து கேள்வி கேட்கும்.

கேரியரை இந்தச் சாதாரண நாளுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாலையில் திரும்பும்போது காய்கறி 4 கிலோ, 5 கிலோ அரிசிப் பை ஒன்று என்று சேரும் நாள் மாதத்தில் இரண்டு மூன்றாவது வரும். அந்த நாளின் கணக்கு 18 கிலோ. அதைத் தாங்குவதைத்தான் தேட வேண்டும்.

மேல் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். வீட்டு கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். சிலிண்டர் போடுபவர் அதைச் சைக்கிளில் கொண்டுவருகிறாரே என்றால், அவருடைய கேரியர் கனத்த இரும்பு. அதன் கால்கள் பின் அச்சின் நட்டிலேயே பிடிபட்டிருக்கும். அலுமினியக் கேரியரை இரண்டு சின்ன போல்ட்டில் தொங்கவிட்டு அந்த வேலையைச் செய்யக் கூடாது.

அடுத்தது: சைக்கிளில் என்ன இருக்கிறது

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, வெளிச்சத்தில் பின்சக்கரப் பக்கம் பாருங்கள். அச்சு பிடிபட்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் மரை போட்ட சின்ன ஓட்டை இருக்கிறதா? சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு குழாய்களின் மேல்பகுதியிலும் அதேபோல இரண்டு இருக்கிறதா? நான்கும் இருந்தால் கவலை இல்லை. அநேகமாக எல்லாமே எம்5 மரை, அதாவது 5 மில்லிமீட்டர் போல்ட். கம்பெனி பெயின்ட் உள்ளே போய் அடைத்திருந்தால் ஓர் எம்5 போல்ட்டில் கிரீஸ் தடவி, கையால் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று மெதுவாக ஓட்டினால் சுத்தமாகிவிடும். ஸ்பானர் போட்டு அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும்.

கீழே ஒவ்வொரு பக்கமும் ஓர் ஓட்டைதான், அதிலும் மட்கார்டு கம்பி உட்கார்ந்திருக்கிறது என்றால் இரண்டையும் ஒரே போல்ட்டில் பிடிக்கலாம். ஆனால் கேரியரின் கால் சைக்கிளை ஒட்டி உள்ளே வரட்டும். மட்கார்டு கம்பி வெளியே. கடைகளில் மாற்றிப் போட்டுத் தருவதைப் பார்க்கலாம். கனமான பொருள் சைக்கிளிலிருந்து விலக விலக போல்ட்டை வளைக்கும் விசை கூடும். இரண்டு மில்லிமீட்டர் விலகினால்கூட நாள்படக் கணக்கு வந்து சேரும்.

டிஸ்க் பிரேக் இருந்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், பின்சக்கரப் பக்கக் குழாய்கள் சேரும் முக்கோணத்துக்குள், கீழ்க் குழாயின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் சாதாரணக் கேரியரே பொருந்தும். இடதுபக்கக் குழாயின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருந்தால் கேரியரின் கால் அதில் இடிக்கும். அதற்கென்றே கால்கள் அகன்று வளைந்த டிஸ்க் கேரியர்கள் உண்டு. நீளமான போல்ட்டில் நாலைந்து வாஷர் அடுக்கி ஒப்பேற்றுவது சில கடைகளின் வழக்கம். மேலே சொன்ன அதே காரணத்தால் அது வெகுநாள் தாங்காது.

பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 44 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய பக்கப் பை மாட்டினாலும் குதிகால் இடிக்காது. ரேஸ் வகைச் சைக்கிள்களில் இது 41 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஒன்பதாம் நம்பர் ஷூ போடுகிறவருக்கு ஒவ்வொரு மிதியிலும் பை இடிக்கும். அப்படிப்பட்ட சைக்கிளுக்குச் சின்னப் பையோ, கேரியரின் மேல் வைக்கும் பெட்டிப் பையோதான் சரி.

ஓட்டையே இல்லையென்றால்

மேலே மட்டும் இல்லையென்றால் எளிது. சீட் போஸ்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயை, இறுக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மரை உள்ள வளையத்தைப் போடலாம். பழையதன் விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள், 31.8, 34.9 மில்லிமீட்டர் இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும்.

கீழே இல்லையென்றால்தான் சிரமம். ரப்பர் உறை போட்ட ‘பி’ வடிவக் கிளாம்பைக் குழாயில் மாட்டிப் பிடிக்கலாம், ஆனால் அது பாரம் ஏற ஏறக் கீழே சறுக்கும். 7, 8 கிலோவுக்கு மேல் அதை நம்பக் கூடாது. பின் அச்சிலேயே பிடிக்கும்படி செய்த கேரியர்களும் உண்டு. கிடைத்தால் அதுதான் நல்லது.

சீட் போஸ்டில் ஒற்றைக் கையாகக் கவ்வி நிற்கும் கேரியர் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். அதன் எல்லை பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ. அந்த எல்லைக்குள்ளேயே வேகத்தடையில் ஒருமுறை குதித்தால் பக்கவாட்டில் திரும்பிவிடும். பெட்டியில் ‘25 கிலோ’ என்று அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம். லேப்டாப்பை மட்டும் கொண்டுபோகிறவருக்கு ஆகும். மற்றவர்களுக்கு வீண் செலவு. கார்பன் சீட் போஸ்டில் இதை மாட்டவே கூடாது. கிளாம்பின் பிடி கார்பனை நசுக்கிவிடும்.

கேரியரைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கேரியரின் மேல்தட்டிலோ காலிலோ தாங்கும் எடை பொறித்திருக்கும். கூடவே ஐஎஸ்ஓ 11243 என்ற எண் இருந்தால், அது சைக்கிள் கேரியர்களுக்கான சர்வதேசத் தரம். 25 கிலோ என்று போட்டதை வாங்குங்கள். உங்கள் பாரம் 10 கிலோதான் என்றாலும் அதையே வாங்கலாம், ஏனென்றால் நம் ஊர்க் குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது கேரியர் மேல் விழும் அடி பாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். கேரியர்கள் உடைவது எடையால் அல்ல. ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்வதால்.

அலுமினியமா இரும்பா என்ற கேள்விக்கு இரண்டு பதில். அலுமினியக் கேரியர் 600 முதல் 900 கிராம், துருப்பிடிக்காது. ஆனால் வெல்டு பக்கத்தில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. அலுமினியத்துக்கு வேண்டிய வெல்டிங் தெருமுனைப் பட்டறையில் இருக்காது. இரும்புக் கேரியர் அதைவிடக் கனம், துரு பிடிக்கும். முறிந்தால் எந்த ஊர் லேத் பட்டறையிலும் ஒட்டித் தந்துவிடுவார்கள். உப்புக் காற்றடிக்கும் நாகப்பட்டினம், தூத்துக்குடி, சென்னையின் கடலோரப் பகுதிகளுக்கு அலுமினியம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் போய்வரும் பழக்கம் உள்ளவருக்கு இரும்பு.

கேரியரின் பக்கவாட்டு வடிவம்தான் பலரும் கவனிக்காதது. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் கால் மட்டும் நேராக இறங்கும் கேரியர் பெட்டிகளைக் கட்டுவதற்கு மட்டுமே. அதில் பக்கப் பை மாட்டினால் பையின் பின்மூலை சக்கரத்துக்குள் மடங்கிப் போகும். இரண்டு கால்கள் முக்கோணமாக விரிந்து நிற்பதை வாங்குங்கள். மேல்தட்டுக்குக் கீழே பை மாட்டுவதற்கென்று தனிக் கம்பி ஓடினால் இன்னும் நல்லது: பை சற்றுத் தாழ்வாகத் தொங்கும், பை மாட்டியிருக்கும்போதே மேலே இன்னொன்றைக் கட்டவும் இடம் கிடைக்கும். பின்முனையில் லைட் பிடிக்க இரண்டு ஓட்டைகள் உள்ள தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 50 அல்லது 80 மில்லிமீட்டர் இடைவெளி வழக்கமான அளவு. இரண்டுக்கும் பொருந்தும் லைட்டுகள் கிடைக்கின்றன. பை மாட்டிய பிறகு சீட் போஸ்டில் உள்ள சிவப்பு லைட் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

பழைய கம்பி பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். உங்கள் கேரியர் போதும். அதன் ஸ்பிரிங் கிளிப்புக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மாட்டும் முறை

வேண்டியவை: 4 மில்லிமீட்டர் ஆலன் கீ, 8 மில்லிமீட்டர் ஸ்பானர், கிரீஸ், எம்5 போல்ட்டுகள் (கேரியருக்கு மட்டும் 12 அல்லது 16 மில்லிமீட்டர் நீளம், மட்கார்டும் சேர்ந்தால் 20), வாஷர்கள், மேலே இரண்டுக்கு நைலாக் நட்டுகள் (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்தவை). கேரியரோடு வரும் போல்ட் மட்டமாகத் தெரிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்தான்.

1. நான்கு போல்ட் மரைகளிலும் கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துக் கழற்றும்போது போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

2. கீழ் இரண்டு போல்ட்டையும் கையால் மூன்று நாலு சுற்று மட்டும் ஏற்றுங்கள். இறுக்க வேண்டாம்.

3. மேல் கம்பிகளை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைத்து மேல் ஓட்டைகளோடு சேருங்கள். பட்டைத் தகடாக வந்திருந்தால் ஒரே இடத்தில் மடக்காமல் பெரிய வளைவாக வளையுங்கள். மடிந்த இடம்தான் பிறகு முறியும்.

4. பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை மேல்தட்டில் படுக்க வையுங்கள். நீர்மட்டம் தட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் பின்னால் சறுக்கும். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் பரவாயில்லை.

5. முதலில் கீழ் போல்ட்டுகள், பிறகு மேலே. ஆலன் கீயின் நீளக் கையை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு போதும். டார்க் ரெஞ்ச் வைத்திருந்தால் 5 நியூட்டன் மீட்டர்.

6. வலதுபக்கக் கீழ் போல்ட்டின் முனை உள்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பின் பற்சக்கரங்களில் ஆகச் சின்னதில் செயினைப் போட்டு, பெடலைக் கையால் சுற்றுங்கள். போல்ட் முனையில் செயின் உரசினால் நீளம் குறைந்த போல்ட் போடுங்கள், அல்லது தலைப்பக்கம் ஒரு வாஷர் சேருங்கள். கவனிக்காமல் விட்டால் கடைசி கியரில் செயின் இடுக்கில் மாட்டி நின்றுவிடும்.

7. கேரியரின் பின்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சைக்கிள் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும். கேரியர் மட்டும் ஆடினால் மேல் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது தேவைக்கு மெல்லியவை.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நான்கையும் மறுபடி சோதியுங்கள். பெயின்ட் நசுங்கி இடம் கொடுத்திருக்கும், அதனால் கால் சுற்றாவது ஏறும். அதன் பிறகு மாதம் ஒருமுறை. கீழ் இரண்டு போல்ட்டுகள்தான் ஏறக்குறைய முழுப் பாரத்தையும் தாங்குகின்றன; மேலே இருப்பவை கேரியர் முன்பின் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவே. கீழ் போல்ட் லேசாகத் தளர்ந்து அப்படியே ஓடினால் ஒவ்வொரு குழியிலும் மரையின் மேல் வெட்டு விழும். ஒருநாள் பட்டென்று முறிந்து, முனை உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பை

பக்கவாட்டில் தொங்கும் பையைக் கடையில் ‘பானியர்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கப் பை 20 லிட்டர் அளவு என்றால் ஆபீஸ் சாமான் அடங்கும்.

எப்படி மாட்டுகிறது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். மேலே இரண்டு கொக்கிகளும் கீழே ஒரு பிடியும் இருக்கும். கேரியர் கம்பியின் தடிமன் வழக்கமாக 10 மில்லிமீட்டர். சிலவற்றில் 8, சிலவற்றில் 16 வரை போகும். கொக்கி கம்பியைவிடப் பெரிதாக இருந்தால் ஓடும் வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டு, ஆறு மாதத்தில் கம்பியை அரைத்துவிடும். நல்ல பைகளில் கொக்கிக்குள் செருகும் பிளாஸ்டிக் துண்டுகள் வரும். இல்லையென்றால் கம்பியில் பழைய டியூப்பைச் சுற்றுங்கள். கொக்கி தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையா என்று பாருங்கள். வெறும் வளைந்த கம்பியும் கீழே ஒரு ரப்பர் கயிறும் உள்ள பை, முதல் பெரிய வேகத்தடையில் எகிறிவிடும். ரப்பரும் நம் வெயிலில் ஒரு கோடைக்கு மேல் இழுவை தாங்காது.

முதுகுப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இருக்க வேண்டும். தட்டிப் பார்த்தாலே தெரியும். தகடு இல்லாத பை எடை ஏறியதும் உள்வாங்கிக் கம்பிக்குள் போகும். இரண்டு பை சேர்த்துத் தைத்து, கேரியர் மேல் கழுதைப் பொதி போலப் போடுகிற மலிவு வகை இருக்கிறதே, அதில் பெரும்பாலும் தகடு இருக்காது. மேல்தட்டையும் மூடிவிடும், ஆபீஸுக்குள் எடுத்துப் போகவும் தோதுப்படாது. மார்க்கெட் சைக்கிளுக்கு ஆகும்.

மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது? பக்கத்தில் போகும் பஸ் சக்கரத்திலிருந்தும் வருகிறது. தையல் போட்ட பாலியஸ்டர் பைக்கு உள்பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். அதற்கு ஒரு மழை உறை உண்டு; பக்கவாட்டிலிருந்து அடிக்கும் சேற்றுக்கு அது போதாது. லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் தையலில்லாமல் சூட்டில் ஒட்டிய பிவிசி பூச்சுத் துணிப் பையை வாங்குவதே நல்லது. ஜெர்மனியின் ஆர்ட்லீப் கம்பெனி பிரபலமாக்கிய இந்த வகை, வாயைச் சுருட்டி மூடுவது. குறைந்தது மூன்று சுருட்டு சுருட்ட வேண்டும். வாய்வரை திணித்துவிட்டு ஒரே சுருட்டில் கிளிப் மாட்டினால் மூடாத பைக்குச் சமம். அதற்கு ஒரு குறையும் உண்டு: தண்ணீரை உள்ளே விடாத பை, ஈரத்தை வெளியேயும் விடாது. வியர்த்த துண்டை உள்ளே வைத்து இரவு முழுவதும் மூடி வைத்தால் காலையில் பையைத் திறக்க மனம் வராது.

லேப்டாப் பையின் அடியைத் தொடக் கூடாது. அடியில் மடித்த துண்டு, அதன் மேல் உறை போட்ட லேப்டாப், சைக்கிளை ஒட்டிய பக்கம். டிபன் கேரியர் எதிர்ப் பக்கப் பையிலோ, மூடி இறுகிய தனி டப்பாவிலோ. ரசம் கொண்டுபோகிறவர்கள் கீபோர்டைப் பற்றி ஒருமுறை யோசியுங்கள்.

ஒரு பைதான் என்றால் எந்தப் பக்கம்? இடது. வலதில் செயினும் கியரும் எண்ணெயும் இருக்கின்றன. நம் சாலையில் முந்துகிறவர்கள் வலதுபுறம்தான் உரசிப் போவார்கள். சைடு ஸ்டாண்டும் இடதில்தான் இருக்கும் என்பதால் நிறுத்தும்போது வண்டி அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். 6 கிலோ வரை ஒற்றைப் பையில் ஓட்டலாம்; ஓரிரு நாளில் உடம்பு பழகிவிடும். அதற்கு மேல் இரண்டாகப் பிரியுங்கள். எடையை முழுவதும் இடதில் ஏற்றினால் ஸ்டாண்டையும் தாண்டிக் கவிழும்.

கேரியருக்கு மேலே வைக்கும் பெட்டிப் பை 8 முதல் 12 லிட்டர். சிலவற்றில், டோபீக் எம்டிஎக்ஸ் போல, தட்டிலுள்ள பள்ளத்தில் பை சறுக்கிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பைக்கு அந்தக் கேரியரே வேண்டும். வசதிதான், ஆனால் பாரம் உயரத்தில் ஏறுவதால் எழுந்து நின்று மிதிக்கும்போது பின்பக்கம் ஊசலாடும்.

மார்க்கெட்டுக்கு மட்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் காய்கறிக் கிரேட் ஒன்றை, அடியில் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு பிளாஸ்டிக் கேபிள் டைகளால் கேரியரில் கட்டிவிடுங்கள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை அதற்குள் அளவெடுத்த மாதிரி உட்காரும்.

முன்பக்கம்

லேடீஸ் சைக்கிளில் உள்ள முன்கூடை ஹேண்டில் பாரில் தொங்குகிறது. 3 கிலோ தாண்டினால் ஹேண்டில் தானாகத் திரும்பப் பார்க்கும். கூடையின் அடியிலிருந்து முன் அச்சுக்கு இரண்டு கம்பிகள் இறங்கினால் 5 கிலோ வரை வைக்கலாம். பிரேக், கியர் கேபிள்களைக் கூடை மடக்குகிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

மஞ்சப்பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது எல்லோரும் செய்வது. பை ஆடி முன்சக்கரத்தின் கம்பிக்குள் போனால் சக்கரம் அந்த நொடியே நிற்கும். ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். ஒரு கட்டுக் கீரை என்றாலும் பின்னால் வையுங்கள்.

கட்டுவது

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கையோடு கிடைக்கும், ஆனால் இரண்டு ஆபத்து உண்டு: இழுக்கும்போது நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும், ஓடும்போது அவிழ்ந்தால் சக்கரத்தில் சுற்றும். பழைய டியூப்பை இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் நீளவாக்கில் கிழித்த பட்டை அதைவிட நல்லது. கொக்கி இல்லை, வழுக்காது, பஞ்சர் கடையில் கேட்டாலே தருவார்கள். அரிசிப் பை மாதிரி கனமானதற்கு பக்கிள் போட்ட நைலான் பட்டை இரண்டு, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. கட்டி முடித்ததும் தொங்கும் நுனிகளை உள்ளே செருகுங்கள். துப்பட்டா, சேலை முந்தானைக்கும் இதே விதி. பின்சக்கரத்தின் மேல்பாதியை மறைக்கும் வலை போட்டுக்கொண்டால் கேரியரில் உட்காருகிறவரின் துணியும் தப்பும்.

கேரியரில் பிள்ளையை உட்கார வைக்கிறவர்களுக்கு: கால் கம்பிக்குள் போய்க் கணுக்கால் கிழிவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. வார் போட்ட குழந்தை சீட்டும் கால் மறைப்பும் இல்லாமல் ஏற்றாதீர்கள். குழந்தை சீட்டுகள் வழக்கமாக 22 கிலோ வரையுள்ள பிள்ளைக்கே. கேரியர் மேல் மாட்டும் சீட் என்றால், குழந்தை சீட்டுக்கும் ஏற்றது என்று கேரியரைச் செய்த கம்பெனியே சொல்லியிருக்க வேண்டும்.

பாரம் ஏறிய பிறகு வண்டியில் மாறுவது

பின் டயருக்குக் காற்று கூட வேண்டும். 700 × 35 டயரில் வெறும் வண்டிக்கு 55 பிஎஸ்ஐ வைக்கிறவர், 15 கிலோ ஏற்றினால் 60 முதல் 65 வைக்கலாம்; டயரின் பக்கவாட்டில் பொறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. காற்று குறைந்த டயரில் பாரத்தோடு குழியில் இறங்கினால் டியூப்பை ரிம் கடித்து, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை போடும்.

அடுத்தது சக்கரக் கம்பிகள். பழைய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் வைத்தது பின்பாரத்தை நினைத்துத்தான். இன்றைய சைக்கிளில் பின்னால் 32 அல்லது 36 இருந்தால் சரி. 24 கம்பி உள்ள சக்கரத்தில் 80 கிலோ ஆளும் 15 கிலோ பாரமும் ஏறினால், பற்சக்கரம் உள்ள பக்கத்தில் கம்பிகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். அந்தப் பக்கம் இழுவிசை அதிகம். மாற்றுவதற்குப் பற்சக்கரத்தையே கழற்ற வேண்டும். விரலால் மீட்டிப் பாருங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பாரம் பின்னால் இருப்பதால் பின் பிரேக்குக்குப் பிடிப்பு சற்றுக் கூடுமே தவிர, வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான். கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் உள்ள சைக்கிளில் மழை நாளில் பிரேக் கட்டை நீரை வழித்த பிறகே பிடிக்கும்; பாரத்தோடு இறக்கத்தில் வந்தால் அதற்குள் சிக்னல் தாண்டிவிடும். தூரத்திலேயே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

இனி வழியில் நடக்கக்கூடியது ஒன்று. கேரியரின் கீழ் போல்ட் கழன்று எங்கோ விழுந்துவிட்டது, கேரியர் ஒருபக்கம் தொங்குகிறது, கடை எதுவும் பக்கத்தில் இல்லை. குழாயில் தண்ணீர் பாட்டில் கூண்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைப் பாருங்கள், அவையும் எம்5தான். ஒன்றைக் கழற்றிக் கேரியருக்குப் போட்டுவிட்டு, பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேரலாம்.